2021 விண்டேஜ் வாகன விதி: ஒரு கோட் ரிவ்யூ

2021ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 81ஆம் விதிக்குப் பின்னால் சில விதிகளைப் புதிதாகச் செருகி, 'விண்டேஜ் மோட்டார் வாகனம்' என்று ஒரு தனி இனத்தை உண்டாக்கியது. அப்போது வந்த செய்திகள் எல்லாமே "பழைய கார் பிரியர்களுக்கு நல்ல சேதி" என்ற தொனியில்தான் இருந்தன. நல்ல சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விதியை யாராவது வரிவரியாகப் படித்துப் பார்த்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

நான் வக்கீல் இல்லை. மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் வேலையில் யாராவது புதுசா ஒரு நிரல் எழுதினால், அதைச் சேர்ப்பதற்கு முன்னாடி இன்னொருத்தர் உட்கார்ந்து படிப்பார். "இந்த இன்புட் வந்தா என்ன ஆகும்? அது காலியா வந்தா?" என்று கேட்டுக் குடைவார். கோட் ரிவ்யூ என்பார்கள். சட்ட விதியும் ஒரு வகை நிரல்தானே. உள்ளே ஒரு வண்டியும் கொஞ்சம் காகிதமும் போகும், வெளியே 'பதிவு உண்டு' அல்லது 'இல்லை' என்று வரும். அதனால் அதே மாதிரி இந்த விதியையும் குடைந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில், விதி என்ன சொல்கிறது

சுருக்கமாக:

முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் விண்டேஜ். இறக்குமதி ஆனவையும் சேர்த்தி. சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும், வாடகை வண்டி கூடாது. வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் மாற்றம் உள்ளிட்ட 'கணிசமான' மறுசீரமைப்பு நடந்திருக்கக் கூடாது.

விண்ணப்பம் படிவம் 20இல். கூடவே இன்சூரன்ஸ், கட்டணம், இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி, இந்தியாவில் ஏற்கனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி. எல்லாம் சரியாக இருந்தால் 60 நாளுக்குள் படிவம் 23ஏவில் சான்றிதழ். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 வருஷம், அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும் தனி வரிசை எண். ஏற்கனவே எண் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டுவதற்கு எல்லை உண்டு. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் ராலி, அங்கே போக வர, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு. அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ கூடாது.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். நாடு முழுக்க ஒரே நடைமுறை. 60 நாள் என்று அதிகாரிக்குக் கெடு. பழைய எண்ணைப் பிடுங்கிக்கொள்ளாதது ரொம்பப் பெரிய விஷயம். எம்.டி., எம்.எஸ். என்று ஆரம்பிக்கும் மெட்ராஸ் மாநில எண்கள் அந்த வண்டியின் வரலாற்றில் பாதி. பெயின்ட்டை மாற்றினாலும் மனசு ஒப்பும், நம்பரை மாற்ற ஒப்பாது.

பட்டா வேற, பத்திரம் வேற

டெஸ்ட்டுக்குப் போவதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். நிலத்தில் நமக்கு இது நல்லாப் புரியும். பட்டா என்பது வருவாய்த்துறையின் பதிவேட்டில் உள்ள பெயர். உரிமை என்பது பத்திரம், அதற்கு முந்தின தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஒரு சங்கிலி. பட்டா தொலைந்தால் நிலம் போய்விடாது.

காருக்கு அமெரிக்காவில் இதே மாதிரி இரண்டு காகிதம். உரிமைக்கு 'டைட்டில்', சாலையில் ஓட்ட 'ரெஜிஸ்ட்ரேஷன்'. பிரிட்டனில் ஒரே பதிவுப் புத்தகம்தான். ஆனால் 'இது உரிமைக்கான சான்று அல்ல, பதிவில் உள்ள பராமரிப்பாளர் யார் என்பதை மட்டுமே காட்டும்' என்று அந்தப் புத்தகமே சொல்லிவிடுகிறது.

நம்ம ஊரில்? சரக்கு விற்பனைச் சட்டம் 1930இன்படி, காசு கொடுத்து வண்டியை வாங்கினால் உரிமை கைமாறிவிடும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30), 'உரிமையாளர்' என்பவர் யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் என்கிறது. 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. வண்டி நான்கு கை மாறிப் போயிருந்தாலும், விபத்து நஷ்டஈடு என்று வந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு.

ஆக, நம்மிடம் காருக்குத் தனியாகப் பத்திரம் என்று ஒன்று கிடையாது. ஆர்.சி.தான் பட்டா, ஆர்.சி.தான் பத்திரம், நடைமுறையில் ஆர்.சி.தான் வண்டியின் பிறப்புச் சான்றிதழ். மூன்று வேலையை ஒரே காகிதத்தின் தலையில் கட்டியிருக்கிறோம். அந்தக் காகிதத்தைக் கரையான் தின்றால் மூன்றும் ஒன்றாகப் போய்விடும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டெஸ்ட் 1: எல்லாம் சரியாக உள்ள வண்டி

1962ஆம் வருஷ அம்பாசிடர். தாத்தா வாங்கியது. அசல் பெட்ரோல் எஞ்சின். ஆர்.சி. பத்திரமாக இருக்கு. தாத்தா இறந்தபின் அப்பா பெயருக்கும், பின்பு பேரன் பெயருக்கும் முறையாக மாற்றியிருக்கிறார்கள்.

முடிவு: பாஸ். விதி கச்சிதமாக வேலை செய்கிறது. ஆனால் கவனியுங்கள், இந்த வண்டிக்கு இந்த விதி இல்லாவிட்டாலும் பெரிய கஷ்டம் இல்லை. எஃப்.சி. காட்டி 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போயிருக்கலாம்.

டெஸ்ட் 2: டீசல் போட்ட அம்பாசிடர்

இதுதான் தமிழ்நாட்டில் நிஜமாக உயிரோடு இருக்கும் அம்பாசிடர். 1970ஆம் வருஷ வண்டி, எண்பதுகளில் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் மெட்டடோர் டீசல் எஞ்சின் ஏற்றியது. கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இதைச் செய்த பட்டறைகளை நடுத்தர வயசுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1939ஆம் வருஷச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், பதிவு அதிகாரியின் அனுமதியோடு மாற்றம் செய்து அதை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ள வழி இருந்தது. அப்படி முறையாக ஏற்றிய வண்டி என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது விதியின் வாசகத்தைப் பாருங்கள். 'கணிசமான மறுசீரமைப்பு' கூடாது. சரி. அது எதையெல்லாம் உள்ளடக்கும்? சேஸிஸ், பாடி, எஞ்சினில் 'எந்த ஒரு' மாற்றமும். ஒரே வாக்கியத்தில் முதலில் 'கணிசமான' என்கிறது, அடுத்து 'எந்த ஒரு' என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிறது. கார்புரேட்டர் மாற்றியது எஞ்சின் மாற்றமா? துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி டிங்கர் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தது பாடி மாற்றமா? ஒரு அதிகாரி 'கணிசமான' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அனுமதிப்பார், இன்னொருவர் 'எந்த ஒரு' என்பதைப் பிடித்துக்கொண்டு மறுப்பார். இரண்டு பேருமே விதிப்படிதான் நடக்கிறார்கள். எங்கள் வேலையில் இப்படி ஒரு நிபந்தனை எழுதினால் ரிவ்யூ தாண்டாது.

பிரிட்டனில் இதே கேள்விக்கு 2018 மே மாதம் ஒரு வழிகாட்டி வந்தது. அங்கே 40 வயது தாண்டிய வண்டிக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, 'கணிசமாக மாற்றப்படாமல்' இருந்தால். எது கணிசம் என்பதை உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அதே மாடலுக்கு அந்தக் கம்பெனியே மாற்றாகக் கொடுத்த எஞ்சின் என்றால் மாற்றம் இல்லை. அசல் பாகம் கிடைக்காததால் வண்டியைக் காப்பாற்றச் செய்தது என்றால் மாற்றம் இல்லை. அந்த மாடல் தயாரிப்பில் இருந்த காலத்திலோ, நின்று 10 வருஷத்துக்குள்ளோ வழக்கத்தில் இருந்த மாற்றம் என்றால் அதுவும் கணக்கில் வராது. 30 வருஷத்துக்கு முன்னாடி நடந்ததையும் விட்டுவிடுகிறார்கள்.

நம்ம டீசல் அம்பாசிடரை அந்த அளவுகோலில் வைத்தால்? மாடல் 2014 வரை தயாரிப்பில் இருந்தது. டீசல் ஏற்றுவது அந்தக் காலத்து வழக்கம். மாற்றம் நடந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுலபமாகத் தேறிவிடும். நம்ம விதியில் தேறாது. அந்த எஞ்சினும் ஒரு வரலாறுதான். பெட்ரோல் விலைக்கு ஒரு தலைமுறை கண்டுபிடித்த விடை அது. மியூசியத்தில் நிற்கும் பளபளப்பான வண்டியைக் கற்பனை செய்துகொண்டு விதி எழுதினால் ஊரில் ஓடின வண்டி வெளியே நிற்கும்.

டெஸ்ட் 3: ஆர்.சி. இல்லாத ஹெரால்ட்

1966ஆம் வருஷ ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம்ம மெட்ராஸில் செய்த கார். ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் 25 வருஷமாக நிற்கிறது. நம்பர் பிளேட் இருக்கு, சேஸிஸ் எண் அடித்த தகடு இருக்கு. ஆர்.சி. இல்லை. கடைசியாக வாங்கியவர், முந்தின ஓனரிடம் கையெழுத்து மட்டும் போட்ட காலி 29, 30 படிவங்களை வாங்கி வைத்திருந்தார். மாற்றவே இல்லை. இப்போது முந்தின ஓனரும் இல்லை, இவரும் இல்லை.

இந்த இன்புட்டை விதிக்குள் போட்டால் என்ன வரும்? 'ஏற்கனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.' அது காலி. இறக்குமதி இல்லை, ஆகவே பில் ஆஃப் என்ட்ரியும் கிடையாது. அதற்கு அப்புறம் விதி பேசுவதை நிறுத்திவிடுகிறது. 'இல்லையென்றால்' என்ற கிளையே எழுதப்படவில்லை.

இன்னும் நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கு. 50 வருஷம் எதிலிருந்து கணக்கு? முதல் பதிவுத் தேதியிலிருந்து. தயாரித்த வருஷத்திலிருந்து இல்லை. ஆக, ஆர்.சி. இல்லையென்றால் உரிமை மட்டுமல்ல, வயசையே நிரூபிக்க முடியாது. பார்த்த மாத்திரத்தில் பழைய வண்டி என்று யாருக்கும் தெரியும். விதிக்கு மட்டும் தெரியாது.

டூப்ளிகேட் ஆர்.சி. வாங்கலாமே என்பீர்கள். படிவம் 26 இருக்கிறது. ஆனால் அதைப் பதிவில் உள்ள ஓனர்தான் கேட்க முடியும். அவர் இறந்திருந்தால் வாரிசு முதலில் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்ற வேண்டும். இங்கே பதிவில் உள்ளவரின் வாரிசுகளுக்கு இந்த வண்டியோடு சம்பந்தமே இல்லை. அவர்களைத் தேடிப் பிடித்தாலும், பழைய பதிவேடு கிடைக்க வேண்டும். அந்தக் காலத்துப் பதிவு எல்லாம் தடித்த நோட்டுப் புத்தகம். ஒரு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது எந்த நோட்டு எந்த ஆபீஸுக்குப் போனது என்பது தனி ஆராய்ச்சி. 'வாகன்' கணினித் தளத்தில் எண்ணைப் போட்டால் 'தகவல் இல்லை' என்று வரும். நோட்டுப் பக்கம் கிடைத்தால்தான் விடுபட்ட பதிவாக அதில் ஏற்ற முடியும்.

இதில் குடிமகனுக்கு மட்டும்தான் தண்டனை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பதிவேட்டைப் பராமரிக்க வேண்டியது அரசு. அது அங்கே இல்லாமல் போனாலும், நகலைப் பத்திரப்படுத்தாத குற்றம் ஓனருடையது என்று ஆகிவிடுகிறது. முறைப்படி அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுக்கப் போனாலும் ஆர்.சி. கேட்பார்கள். ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, சட்டப்படி உடைக்கவும் முடியாது. கடைசியில் காயலான் கடைதான். அவர்தான் எந்தக் காகிதமும் கேட்காத ஒரே ஆள்.

டெஸ்ட் 4: இன்னும் 50 ஆகாத வண்டி

மாருதி 800 முதன்முதலில் கைக்கு வந்தது 1983 டிசம்பரில். அது விண்டேஜ் ஆவது 2033இல். அதுவரை? தமிழ்நாட்டில் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். டெல்லியில் கதையே வேறு. 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 வருஷம் தாண்டிய டீசலும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலும் ஓடக் கூடாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. பிறகு நீதிமன்றத்தில் ஏற்ற இறக்கங்கள் பல.

தலைநகரில் ஒரு பெட்ரோல் கார் 15 வயசில் சட்டப்படி சாக வேண்டும், 50 வயசில் விண்டேஜ் ஆக வேண்டும் என்றால், நடுவில் உள்ள 35 வருஷம் அது எங்கே இருக்கும்? உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, 30 வயசு ஆனாலே வரலாற்று வாகனம் என்கிறது. இன்றைக்குப் பிழைக்க விடாத வண்டி நாளைக்கு எப்படிப் பாரம்பரியம் ஆகும்?

டெஸ்ட் 5: வீட்டில் கட்டிய கார்

2021 டிசம்பரில் ஒரு வீடியோ பரவியது நினைவிருக்கலாம். மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கொல்லர், பழைய இரும்பையும் கழித்துப் போட்ட பாகங்களையும் வைத்து, சுமார் 60,000 ரூபாயில் ஒரு குட்டி ஜீப் செய்திருந்தார். பைக் மாதிரி உதைத்து ஸ்டார்ட் செய்யும் கார். ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டிவிட்டு, 'இது விதிகளுக்கு உட்பட்டதில்லை, என்றாவது ஒருநாள் அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள்' என்ற அர்த்தத்தில் எழுதி, அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ தருவதாகச் சொன்னார். கொடுத்தும் விட்டார். அந்தக் குட்டி ஜீப்பைச் செங்கல்பட்டுப் பக்கம் உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்றும் சொன்னார்.

எல்லோரும் நெகிழ்ந்தோம். அவர் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் விஷயத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒருத்தர் தன் கையால் கட்டிய வண்டி சட்டப்படி சாலைக்கு வருவதற்கு ஒரு தொழிலதிபரின் தயவிலும் வழி இல்லை. வண்டியை மாற்றிக்கொள்ளத்தான் வழி.

காரணம் இதுதான். பதிவு செய்ய படிவம் 21 வேண்டும், அது விற்பனைச் சான்று. படிவம் 22 வேண்டும், அது தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று. தயாரிப்பாளர் ஆக வேண்டுமென்றால் விதி 126இன்படி புனேயிலோ ஒரகடத்திலோ உள்ள சோதனை மையத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்து அங்கீகாரம் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்கிற கம்பெனிக்கு அந்தச் செலவு வண்டி எண்ணிக்கையில் பிரிந்து கரைந்துவிடும். ஒரே ஒரு வண்டி செய்கிறவருக்கு? 'ஒன்று' என்ற எண்ணுக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை.

ஜி.டி. நாயுடு 1952இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் போகும் கார் செய்ததும், அரசு உரிமம் தராததால் அது நின்றுபோனதும் கோவைக்காரர்கள் அடிக்கடி சொல்லும் கதை. அது தொழில் உரிமப் பிரச்சினை, இது பதிவுப் பிரச்சினை, இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனால் 'அனுமதி கேட்பதற்குப் பொருத்தமான ஜன்னலே இல்லை' என்ற நிலைமை மட்டும் அப்படியே இருக்கு.

மற்ற ஊர்களில் விடுபட்ட கிளையை எப்படி எழுதினார்கள்

காகிதம் இல்லாத வண்டி எல்லா நாட்டிலும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் தீர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டியின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு ஒரு ஜாமீன் பத்திரம் வாங்கி வைக்க வேண்டும். அதன்மேல் டைட்டில் தருவார்கள். 3 வருஷத்துக்குள் உண்மையான ஓனர் யாராவது வந்தால் அந்த ஜாமீனிலிருந்து அவருக்கு ஈடு கிடைக்கும். யாரும் வராவிட்டால் உரிமை உறுதியாகும். காகிதத்துக்குப் பதிலாகக் காலத்தையும் பணத்தையும் சாட்சியாக வைக்கிறார்கள்.

பிரிட்டனில் பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை 1983இல் முடிந்தபோது ஏராளமான வண்டிகள் விடுபட்டுப் போயின. அவற்றுக்கு வி765 என்று ஒரு திட்டம். அந்தக் காலத்து லாக்புக், பழைய வரி ரசீது மாதிரி ஏதாவது ஆவணத்தைக் காட்டி, அங்கீகரிக்கப்பட்ட பழைய வாகன சங்கம் ஒன்று வண்டியைப் பார்த்துச் சான்று கொடுத்தால் பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும். நம்ம டெஸ்ட் 3க்கு அச்சு அசலான விடை இது. வீட்டில் கட்டிய காருக்கு ஒற்றை வண்டிக்கான தனிச் சோதனை இருக்கிறது. வயசும் அடையாளமும் தெரியாத வண்டிக்கு 'க்யூ' என்று ஆரம்பிக்கும் எண் தருவார்கள். அதைப் பார்த்தாலே 'இதன் பூர்வீகம் உறுதியில்லை' என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவில் தனியார் கட்டும் கார்களுக்கு வருஷத்துக்கு 500 என்று கோட்டா வைத்து, அதற்குள் வருபவற்றுக்குப் புகைச் சோதனையில் சலுகை தருகிறார்கள்.

ரொம்பத் தளர்த்தினாலும் ஆபத்து. வெர்மான்ட் மாநிலத்தில் 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு டைட்டிலே வேண்டாம், விற்பனை ரசீது போதும் என்று ஒரு வழி இருந்தது. வெளி மாநிலத்துக்காரர்களும் தபாலிலேயே பதிவு வாங்கினார்கள். நாடு முழுக்க உள்ள காகிதமில்லாத வண்டிகள் அந்தச் சின்ன மாநிலத்தின் பெயரில் பதிவாக ஆரம்பித்தன. 2023இல் அந்த வாசலை இறுக்கிவிட்டார்கள். ஆகவே 'எல்லாருக்கும் கொடுங்க' என்று நான் சொல்லவில்லை.

எதிர்வாதம்

இரண்டு நியாயமான எதிர்ப்புகள் உண்டு. ஒன்று, திருட்டு வண்டி. காகிதமில்லாததற்கு வழி திறந்தால், திருடிய வண்டியின் சேஸிஸ் எண்ணை மாற்றி உள்ளே கொண்டுவருவார்கள். உண்மைதான். ஆனால் 1966 ஹெரால்ட் திருடுகிறவனுக்கு லாபமான சரக்கு இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் திருட்டு வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கனவே சான்று தருகிறது. நிலப் பத்திரம் தொலைந்தால் பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்கும் பழக்கமும் நமக்கு இருக்கு. அதோடு டெக்சாஸ் பாணி ஜாமீனும் சேர்ந்தால் திருடனுக்கு இதைவிடச் சுலபமான வழி எத்தனையோ உண்டு.

இரண்டாவது, பாதுகாப்பு. பிரேக் பிடிக்காத வண்டி தெருவில் வந்தால் அடிபடுவது அடுத்தவன். இதை நான் முழுசாக ஒப்புக்கொள்கிறேன். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று கறாராகச் சொன்னதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கவலைதான். ஆனால் பாதுகாப்பைச் சோதித்து அறிய வேண்டும். விண்டேஜ் விதி கேட்கும் காகிதங்களில் எதுவும் பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை. ஆர்.சி. இருக்கும் வண்டியின் பிரேக் தானாகப் பிடித்துவிடாது.

என் திருத்தங்கள்

ரிவ்யூ செய்கிறவன் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. நான்கு திருத்தம்:

1. 'முதல் பதிவுத் தேதி' என்பதோடு 'அல்லது தயாரிப்பு ஆண்டுக்கான ஏற்கத்தக்க ஆதாரம்' என்று சேர்க்க வேண்டும். சேஸிஸ் எண், கம்பெனித் தகடு, வல்லுநர் சான்று இவற்றில் ஏதாவது.

2. 'கணிசமான', 'எந்த ஒரு' முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும். அந்தக் காலத்து மாற்றங்களுக்கும், பாகம் கிடைக்காமல் செய்த மாற்றங்களுக்கும் விலக்கு.

3. ஆர்.சி. இல்லையென்றால்: திருட்டுப் பட்டியல் ஒப்பீடு, பத்திரிகை அறிவிப்பு, ஜாமீன், 3 வருஷத் தற்காலிகப் பதிவு. ஆட்சேபம் வராவிட்டால் நிரந்தரம்.

4. ஒற்றை வண்டிக்கான தனிச் சோதனை. விளக்கு, பிரேக், ஸ்டீயரிங், புகை. வருஷத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினாலும் பரவாயில்லை. பூஜ்யம் என்பது கட்டுப்பாடு ஆகாது.

அதுவரைக்கும்

விதி மாறும் வரை வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில. ஆர்.சி. கையில் இருந்தால் இன்றைக்கே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். அது வாகன் தளத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஏற்றச் சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலம் கேளுங்கள். நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கும்போதே கேட்பது நல்லது. சேஸிஸ் எண்ணைப் பென்சில் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து வையுங்கள். ஓனர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் தகவல், 3 மாதத்துக்குள் படிவம் 31. தள்ளிப்போட்டால் அது டெஸ்ட் 3 ஆகிவிடும். வண்டியை விற்கும்போது காலி 29, 30இல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். எஞ்சினில் கை வைக்கும் முன் 2019 சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவைப் பாருங்கள். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறையும் உண்டு.

இந்த விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. டெஸ்ட் 1ஐ மட்டும் மனசில் வைத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாக் காகிதமும் உள்ளவர்களுக்கு அழகான சான்றிதழ் கிடைக்கிறது. கொட்டகையில் நிற்கும் ஹெரால்டைப் பார்த்து யாரோ ஒருத்தர் இந்த வாரமே காயலான் கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். அந்த வண்டிக்கு விடுபட்ட அந்த ஒரு கிளைதான் வேண்டும்.

எண்பதுகளில் டீசல் எஞ்சின் ஏற்றி, அதை ஆர்.சி.யில் முறைப்படி பதிந்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள். அந்தக் காலத்து நடைமுறை பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுத உத்தேசம்.